ஜப்பானிய மர அச்சு நிலக்காட்சிகள்: மறுபதிப்புகளைச் சேகரிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய ஓவியர் கட்சுஷிகா ஹொக்குசாயின் 'கனகாவாப் பேரலை' அச்சின் பழைய படி ஒன்று 2023 மார்ச் மாதம் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து, 27 லட்சம் டாலருக்கும் கூடுதலான விலைக்குப் போனது. அதே படத்தை, அதே வகை மரப்பலகையில் செதுக்கி, அதே வகைத் தாளில், அதே கருவியால் தேய்த்து இன்றைய டோக்கியோக் கைவினைஞர்கள் அச்சிடும் தாள், அந்த விலையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் கிடைக்கிறது. மூலத்தை வாங்க முடியாதவர்களுக்கான ஆறுதல் பரிசு என்று இதை நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மர அச்சு தொடக்கத்திலிருந்தே பல படிகளாக வெளிவரப் பிறந்த கலை. அதில் ஒவ்வொரு தாளும் ஒரு செதுக்குநரும் ஓர் அச்சிடுநரும் செய்த வேலை. அந்த வேலையை மதிப்பிடக் கற்றுக்கொண்டவருக்கு மறுபதிப்புச் சேகரிப்பு தன்னளவில் முழுமையான துறை. அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த வரிசையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதற்படி: 'மறுபதிப்பு' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

விற்பவர்கள் இந்த ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறார்கள். குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

முதலாவது, மூலப் பலகைகளிலிருந்தே பிற்காலத்தில் எடுக்கப்பட்ட படி. இதை ஜப்பானியர் 'அதோசூரி' என்பார்கள். பலகை தேய்ந்திருக்கும்; கோடுகள் தடித்தோ உடைந்தோ இருக்கும்; முதன்முதலில் எடுத்த தாள்களில் இருந்த வண்ணச் சாயல்கள் செலவைக் குறைப்பதற்காகக் கைவிடப்பட்டிருக்கும். இரண்டாவது, பழைய படி ஒன்றைப் பார்த்து புதிய பலகைகளைச் செதுக்கி அச்சிடுவது, இது 'ஃபுக்கொக்கு'. மூன்றாவது, இருபதாம் நூற்றாண்டுக் கலைஞர்களின் படங்களை அவர்கள் மறைந்த பிறகு, அவர்கள் காலத்துப் பலகைகளிலிருந்தே வெளியீட்டாளரோ குடும்பத்தாரோ தொடர்ந்து அச்சிட்டவை. நான்காவது, புகைப்படம் எடுத்து இயந்திரத்தில் அச்சடித்தவை. இந்த நான்காவது வகை சுவரில் மாட்ட நன்றாக இருக்கலாம். ஆனால் அது மர அச்சு அன்று, இந்த வழிகாட்டி அதைப் பற்றியதும் அன்று.

முதல் வகையில் ஒரு பொறி இருக்கிறது. 'மூலப் பலகை' என்ற சொல்லின் கவர்ச்சியில், தேய்ந்து சாயமிழந்த பிற்காலப் படிக்குப் பெருந்தொகை கொடுப்பவர்கள் பலர். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால், தரமான மறுசெதுக்கல் ஒன்று நிலக்காட்சி ஓவியர் ஹிரோஷிகே எண்ணிய மழைக்கும் அந்திக்கும் நெருக்கமாக இருப்பதை நீங்களே காண்பீர்கள். வரலாற்றுச் சின்னம் வேண்டுமா, படம் வேண்டுமா என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரு தாள் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

டோக்கியோ 'எதோ' என்று அழைக்கப்பட்ட காலத்தில் (1603–1868) இவை நால்வரின் கூட்டுப் படைப்பு: ஓவியர், செதுக்குநர், அச்சிடுநர், முதல்போட்டு எல்லாரையும் இணைத்த வெளியீட்டாளர். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் தருவார். அதைக் காட்டுச் செர்ரி மரப் பலகையின் மேல் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்கிவிடுவார்கள். அதனால் ஓவியரின் கையெழுத்து ஓவியம் அங்கேயே அழிந்துபோகும். கோடுகளுக்கான முதன்மைப் பலகை முதலில் தயாராகும். அதிலிருந்து எடுத்த படிகளைக் கொண்டு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பகுதி செதுக்கப்படும். ஒவ்வொரு நிறமும் தன் இடத்தில் பிசகாமல் விழுவதற்காகப் பலகையின் மூலையிலும் ஓரத்திலும் 'கென்தோ' எனப்படும் இரண்டு அடையாள வெட்டுகள் இருக்கும். தாளின் மூலையையும் விளிம்பையும் அவற்றில் பொருத்தி வைப்பார்கள்.

அச்சகத்தில் நீங்கள் நினைக்கும் அழுத்துபொறி எதுவும் இல்லை. பலகையில் நீர் கலந்த நிறத்தையும் சிறிது அரிசிப் பசையையும் தூரிகையால் பரப்பி, ஈரமாக்கிய தாளை அதன் மேல் கிடத்தி, 'பாரென்' என்னும் வட்டத் தேய்ப்பானால் பின்புறத்தில் தேய்க்கிறார்கள். மூங்கில் உறையை நாராகக் கிழித்து முறுக்கிச் சுருட்டிய கயிற்றை உள்ளே வைத்து, மூங்கில் உறையாலேயே போர்த்திக் கட்டிய கருவி அது. நிறம் தாளின் மேலே படியாமல் இழைகளுக்குள் இறங்குவது இந்தத் தேய்ப்பினால்தான். வானத்தின் மேல்விளிம்பில் கருநீலமாகத் தொடங்கி மெல்ல வெளிறிக் காணாமற்போகும் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் 'பொக்காஷி' என்று பெயர். பலகையில் அதற்கென்று எந்தச் செதுக்கலும் இல்லை. ஈரத்துணியாலும் தூரிகையாலும் ஒவ்வொரு தாளுக்கும் அச்சிடுநர் பலகையின் மேல் புதிதாக அந்தச் சாயலைப் போட வேண்டும். ஆகவே ஒரே பலகையிலிருந்து வந்த இரண்டு தாள்களில் வானம் ஒன்றுபோல் இருக்காது. நான் எந்த மறுபதிப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்ப்பது இந்தப் பட்டையைத்தான்; அச்சிடுநரின் தேர்ச்சி ஒளிந்துகொள்ள முடியாத இடம் அது.

தாளுக்கும் உரிய கவனம் கொடுங்கள். கோசோ என்னும் மல்பெரி இன மரப்பட்டையின் நாரிலிருந்து செய்யப்படும் 'ஹோஷோ' தாள் மென்மையானது, பருமனானது, பலமுறை தேய்த்தாலும் கிழியாதது. ஃபுக்குயி மாநிலத்தின் எச்சிசென் பகுதி இதற்குப் பேர்போனது. அங்கே பரம்பரையாகத் தாள் செய்யும் ஒன்பதாம் இவானோ இச்சிபேயை 2000ஆம் ஆண்டு ஜப்பான் அரசு 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவித்தது. நல்ல மறுபதிப்பை ஒளிக்கு எதிராகப் பிடித்தால் நீண்ட நார்களும், தாள் வடித்த சல்லடையின் மெல்லிய வரிகளும் தெரியும்.

மூன்றாம் படி: எதைச் சேகரிப்பது

நிலக்காட்சி என்றால் பெரும்பாலோர் இரண்டு பெயர்களிலிருந்து தொடங்குவார்கள். அதுவே சரியான தொடக்கமும் ஆகும். ஹொக்குசாயின் 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' 1830களின் தொடக்கத்தில் நிஷிமுராயா யொஹாச்சி வெளியிட்ட வரிசை. தலைப்பு முப்பத்தாறு என்றாலும், வரவேற்பைப் பார்த்துப் பின்னர் பத்துச் சேர்த்ததால் மொத்தம் 46 படங்கள். இதில் மறுபதிப்புச் சேகரிப்பவர்களுக்குப் பயன்படும் நுட்பம் ஒன்று உண்டு: முதல் 36 படங்களின் கோடுகள் நீலத்தில் அச்சிடப்பட்டவை, பின்னர் வந்த பத்தின் கோடுகள் கருமையில். 'பேரலை' முதல் 36இல் அடங்கும். எனவே அதன் கோடுகள் கன்னங்கரேலென்று இருக்கும் மறுபதிப்பைச் செய்தவர் மூலத்தைக் கவனித்துச் செய்யவில்லை என்று கொள்ளலாம். அந்த நீலத்துக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'பெரோ-ஐ'. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட நிறமி என்பதால் ஊரின் பெயர் சுருங்கி அதில் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வந்த இந்த நீலம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே கடலும் வானும் இவ்வளவு ஆழமாக அச்சில் இறங்கின.

உதகவா ஹிரோஷிகேயின் 'தொக்கைதோச் சாலையின் ஐம்பத்துமூன்று தங்கல்கள்' 1833ஐ ஒட்டி வெளிவரத் தொடங்கியது. புறப்படும் நிஹொன்பாஷிப் பாலத்தையும் சேருமிடமான கியோத்தோவையும் சேர்த்து 55 படங்கள். அவருடைய கடைசிப் பெருவரிசையான 'எதோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' 1856இல் தொடங்கியது. 1858இல் அவர் மறைந்த பிறகும் வேலை முடிந்து, 119 படங்களாக நிறைவுற்றது.

முழு வரிசையையும் சேர்க்க வேண்டும் என்ற ஆசையைத் தொடக்கத்தில் அடக்கி வையுங்கள் என்பதே என் ஆலோசனை. ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் வெவ்வேறு மறுபதிப்புகளை இரண்டு மூன்று வாங்குவது கண்ணைப் பழக்க மிகச் சிறந்த வழி. 'எதோவின் நூறு காட்சிகள்' வரிசையில் வரும் 'ஷின்-ஓஹாஷிப் பாலத்தில் திடீர் மழை' இதற்கு ஏற்ற படம். 1887இல் வின்சென்ட் வான் கோ எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்ததும் இதைத்தான். மழைத்தாரைகள் சற்றே வேறுபட்ட கோணங்களில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. முடியளவு மெல்லிய அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் பலகையில் மேடாக நிற்க வேண்டும், சுற்றியுள்ள மரம் முழுவதும் அகற்றப்பட வேண்டும். ஒரு பதிப்பில் அவை நூலாக இருக்கும். மற்றொன்றில் கம்பியாகத் தடித்திருக்கும். பழைய படிகளிலேயே அக்கரையருகில் இரண்டு படகுகளின் நிழலுருவம் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. மறுபதிப்பாளர் எந்தப் படியைப் பின்பற்றினார் என்பது அதிலிருந்து தெரியும். ஹிரோஷிகேயின் தொக்கைதோ வரிசையிலுள்ள 'கன்பாராவின் இரவுப்பனி'யிலும் இப்படியே: வானத்தின் கருமை மேலிருந்து கீழாக வெளிறும் படிகளும், அடிவானத்திலிருந்து மேலாக வெளிறும் படிகளும் இருக்கின்றன. ஹொக்குசாயின் 'செந்நிற ஃபூஜி'யின் மிக முந்தைய படிகளில் மலை செங்கல் நிறத்தில் இல்லை, இளஞ்சிவப்பில் இருக்கிறது. மறுபதிப்பு என்பது வெறும் நகல் இல்லை, எந்தப் படி சரியானது என்ற ஒரு முடிவு என்பதை இவை உணர்த்துகின்றன.

நான்காம் படி: வெளியீட்டாளர்களை அறிந்துகொள்ளுங்கள்

டோக்கியோவில் 1928இல் தொடங்கிய அடாச்சி நிறுவனம் இன்றும் செதுக்குநர்களையும் அச்சிடுநர்களையும் பயிற்றுவித்து, ஹொக்குசாய், ஹிரோஷிகே படங்களை அச்சிட்டு வருகிறது. புதிதாகத் தொடங்குபவர் முதல் தாளை இங்கே வாங்கினால் தரத்துக்கான அளவுகோல் கையில் கிடைத்துவிடும். கியோத்தோவில் 1891இல் தோன்றிய உன்சோதோவும் மர அச்சில் தொடர்ந்து இயங்குகிறது. பழைய மறுபதிப்புகளில் தகாமிசாவாவின் பெயரைக் காணலாம். மூலத்தின் பழமைச் சாயலைக்கூடப் பிடித்துக் காட்டும் நுணுக்கத்துக்காக மதிக்கப்படுபவை அவை. ஷோசாபுரோ வதனபே புதிய ஓவியர்களின் அச்சுகளுக்காக அறியப்பட்டாலும், பழைய படங்களின் மறுபதிப்புகளையும் நல்ல தரத்தில் வெளியிட்டவர். டோக்கியோ சென்றால் ஜின்போச்சோவின் பழைய புத்தகக் கடைத்தெருவில் ஒரு நாளைச் செலவிடுங்கள். 1882இலிருந்து இயங்கும் ஓயா ஷோபோ, அதன் அருகில் ஹரா ஷோபோ போன்ற கடைகளில் தாள்களைக் கையில் எடுத்துப் பார்க்க முடியும்.

ஐந்தாம் படி: தாளைச் சோதிக்கும் முறை

என் சேகரிப்பின் தொடக்கத்தில், இணையத்தில் 'கையால் அச்சிட்ட மர அச்சு' என்ற விளக்கத்தை நம்பி ஹிரோஷிகேயின் பனிக்காட்சி ஒன்றை வாங்கினேன். தாள் நல்ல நார்த்தாள். ஓரத்தில் சிவப்பு முத்திரை. எல்லாம் சரியாகவே தோன்றின. சில வாரங்கள் கழித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது வானம் முழுவதும் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறியிருந்தது: ஆஃப்செட் அச்சு. அன்றிலிருந்து கீழ்க்காணும் வரிசையை நான் ஒருபோதும் மாற்றுவதில்லை.

முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி. மர அச்சில் நிறம் சீரான பரப்பாகத் தெரியும், இழைகளுக்கிடையே ஊறியிருக்கும். ஒழுங்கான புள்ளிக்கூட்டம் தெரிந்தால் அது இயந்திர அச்சு. புகைப்படத்தைக் கொண்டு அச்சிடும் இன்னொரு முறையான கொல்லோடைப் அச்சில் புள்ளிகள் ஒழுங்காக இராமல், நுண்ணிய சுருக்கங்களைப் போன்ற மணித்தன்மை இருக்கும்; கியோத்தோவில் இம்முறை மிக உயர்ந்த தரத்தில் செய்யப்பட்டிருப்பதால் கண்ணை எளிதில் ஏமாற்றும்.

அடுத்து, தாளைத் திருப்புங்கள். பின்புறம் பேசும் அளவுக்கு முன்புறம் பேசாது. கையால் தேய்த்த தாளில் நிறம் ஓரளவு பின்னால் ஊடுருவியிருக்கும். பாரென் சென்ற வட்ட வட்டமான தடங்கள் தெரியும். விற்பவர் இணையத்தில் படம் போட்டிருந்தால் பின்புறப் படத்தையும் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து விளக்கொளி விழுமாறு தாளைச் சாய்த்துப் பாருங்கள். கோடுகள் தாளில் லேசாகப் பதிந்திருக்க வேண்டும். நிறமே இல்லாமல் அழுத்தத்தால் மட்டும் பதிந்த புடைப்பு வேலைப்பாடு சில படங்களில் இந்த ஒளியில்தான் வெளிப்படும்.

அளவையும் பாருங்கள். பெரும்பாலான நிலக்காட்சிகள் 'ஓபான்' அளவில், ஏறத்தாழ 39க்கு 26 சென்டிமீட்டர் என்ற கணக்கில் அமைந்தவை. இதைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் சிறியது என்றால் பெரும்பாலும் நினைவுப்பொருளுக்காகச் செய்தது.

ஓவியர் கையொப்பத்தையும் தணிக்கை முத்திரையையும் பார்த்து 'இது பழையது' என்று முடிவு செய்வது மிகப் பரவலான தவறு. அவை பலகையிலேயே செதுக்கப்படுபவை. மறுசெதுக்கல் செய்பவர் அவற்றையும் சேர்த்தே செதுக்குவார். 'திடீர் மழை'யின் தேதி முத்திரை 1857ஐக் காட்டும். 1957இல் அச்சிட்ட மறுபதிப்பிலும் அதே முத்திரை இருக்கும். சான்று வேண்டுமானால் கோடுகளை அருங்காட்சியகப் படிகளோடு ஒப்பிடுங்கள். 'பேரலை'யின் பிற்கால மூலப்படிகளில் தலைப்புக் கட்டத்தின் விளிம்புக்கோடு உடைந்திருக்கும். புதிதாகச் செதுக்கியதில் அது முழுமையாக இருப்பதே வழக்கம்.

நிறத்தை ஒப்பிட ஓர் அரிய வாய்ப்பு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921இல் தங்கள் பெருந்தொகுப்பை, ஒருபோதும் காட்சிக்கு வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அதற்குக் கொடுத்தார்கள். நூறாண்டுகள் வெளிச்சம் படாததால் அந்தத் தாள்களின் நிறங்கள் வியக்கத்தக்க புதுமையோடு இருக்கின்றன, அவற்றின் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மறுபதிப்பின் நிறம் 'மிகப் பளிச்சென்று இருக்கிறது' என்று ஒதுக்குவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிடுங்கள். நாம் பழகியிருப்பது வெளிறிய நிறங்களுக்கு.

ஆறாம் படி: இருபதாம் நூற்றாண்டு அச்சுகளும் ஓரக்குறிகளும்

கவாசே ஹசூயி (1883–1957), ஹிரோஷி யோஷிதா (1876–1950) ஆகியோரின் அச்சுகளில் கேள்வி வேறு: எந்தப் பலகை என்பதைவிட, எப்போது அச்சிட்டது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. ஹசூயியின் பெரும்பாலான படங்களை வெளியிட்டவர் வதனபே. 1923 செப்டம்பர் நிலநடுக்கத் தீயில் அவருடைய கடையும் பலகைகளும் இருப்புத் தாள்களும் அழிந்தன. அதற்கு முந்தைய அச்சுகள் அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். பின்னர் வந்தவற்றில் வதனபேயின் முத்திரை காலத்துக்குக் காலம் வடிவம் மாறியது. ஆறு மில்லிமீட்டர் வட்ட முத்திரை பொதுவாகப் போருக்குப் பின், ஓவியர் உயிரோடிருந்த ஆண்டுகளைக் குறிக்கும். 1989 முதல் 2019 வரையான ஹெய்செய் ஆட்சிக்காலத்தில் அச்சிட்டவற்றை 'ஹெய்செய்' படிகள் என்பார்கள். அச்சுத்தரத்தில் குறைவில்லாதவை, விலையில் எளியவை.

யோஷிதாவோ தன் செதுக்குநர்களையும் அச்சிடுநர்களையும் தானே அருகிருந்து மேற்பார்த்தார். தன் கண்காணிப்பில் அச்சிட்ட தாள்களின் இடது ஓரத்தில் 'தானே அச்சிட்டது' என்று பொருள்படும் 'ஜிசூரி' முத்திரையை இட்டார். பலவற்றில் கீழ் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்திட்டார். அவர் மறைவுக்குப் பின் குடும்பத்தார் அச்சிட்டவற்றில் ஜிசூரி இருக்காது; பென்சில் கையெழுத்துப்போல் தோன்றுவது அச்சாக இடப்பட்டதாக இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் பென்சில் கரியின் மினுக்கம் இல்லாதது தெரியும். நிக்கோவின் யோமெய் வாயிலைக் காட்டும் அவருடைய அச்சுக்கு 96 முறை தாளைப் பலகையில் வைத்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் இந்தியப் பயணத்திலிருந்து அவர் உருவாக்கிய வரிசையில் மதுரைக் கோயிலும் இடம்பெற்றிருக்கிறது; தமிழ்ச் சேகரிப்பாளர் ஒருவருக்கு அதைவிட நெருக்கமான தொடக்கம் வேறு இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஏழாம் படி: வாங்கும்போது

விற்பவரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: வெளியீட்டாளர் யார், ஏறத்தாழ எந்த ஆண்டில் அச்சிட்டது, ஓரம் வெட்டப்பட்டதா, பின்புறத்தில் ஒட்டிய தடம் உண்டா, மடிப்பும் பூச்சித்துளையும் உண்டா. தாளைச் சுருட்டி அனுப்ப வேண்டாம், இரண்டு விறைப்பான அட்டைகளுக்கிடையே தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேர்த்த தொகையே உண்மையான விலை. மலிவான தாளுக்கு அது இரட்டிப்பாகவும் ஆகலாம் என்பதால், சில தாள்களைச் சேர்த்து ஒரே பொதியாக வாங்குவது நல்லது. பொதியின் மேல் உள்ள விவரத்தில் அது மறுபதிப்பு என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும்.

எட்டாம் படி: நம் ஊரின் வெப்பத்தில் தாளைக் காப்பது

சென்னையிலோ கொழும்பிலோ இந்தத் தாளுக்கு எதிரிகள் மூன்று: ஈரம், வெளிச்சம், ஃபிரேம் கடை. மூன்றாவதைச் சொல்வதற்கு வருந்துகிறேன். ஆனால் படத்தைப் பசையால் ஹார்டுபோர்டில் முழுதாக ஒட்டி, மூலைகளில் செல்லோடேப் போடும் வழக்கம் நம் கடைகளில் பரவலாக இருக்கிறது. அப்படி ஒட்டிய தாளை மீட்பது மிகக் கடினம். அமிலமற்ற அட்டையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். தாளின் மேல்விளிம்பில் மட்டும், ஜப்பானிய நார்த்தாள் கீற்றுகள் இரண்டைக் கோதுமை மாச்சத்துப் பசையால் ஒட்டி அட்டையில் தொங்கவிடச் சொல்லுங்கள். சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசை இதற்கு ஆகாது, பூச்சியை அழைக்கும். கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் சன்னல் வெட்டிய அட்டை இருக்க வேண்டும். லேமினேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அருங்காட்சியகங்கள் இவற்றை 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில், அதுவும் சில வாரங்களோ மாதங்களோ மட்டுமே காட்டும். வீட்டில் நேர்வெயில் படாத உட்சுவரில் மாட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு தாளுக்கு மாற்றுங்கள். மற்றவை இருட்டில் இருக்கட்டும். வெளிச்சுவர் மழைக்காலத்தில் ஈரம் கசிவதால் அதில் மாட்ட வேண்டாம். மாட்டாத தாள்களை அமிலமற்ற உறைகளில் இட்டு, தட்டையான பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அந்தப் பைகளை மாதம் ஒருமுறை மாற்றாவிட்டால் பயனில்லை. பாச்சை உருண்டை தாளைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, பழுப்புப் புள்ளிகளும் இராமபாணப் பூச்சி அரித்த தடமும் உண்டா என்று பாருங்கள்.

ஒன்பதாம் படி: பதிவேடு

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படத்தின் பெயர், வரிசை, மூல வெளியீட்டு ஆண்டு, மறுபதிப்பாளர், அச்சிட்ட காலம், ஓர முத்திரைகளின் படம், வாங்கிய நாள், கொடுத்த விலை, தாளின் குறைகள், ஒப்பிட்ட அருங்காட்சியகப் படி எது என்பவற்றை எழுதுங்கள். வெளியீட்டாளர் தரும் உறையையும் விளக்கத் தாளையும் தூக்கி எறியாதீர்கள். மறுபதிப்பின் காலத்தை உறுதிசெய்யப் பல நேரங்களில் அவையே துணை. தாளின் பின்புறத்தில் எதையும் எழுத வேண்டாம். எழுதியே ஆகவேண்டும் என்றால் உறையின் மேல், தாளை வெளியே எடுத்த பிறகு, மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.